நிரலகத்தோடு வரும் கடமைகள்

கைபேசிச் செயலியோ வீட்டு ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளோ, இன்று எதையும் யாரும் முதல் வரியிலிருந்து தாங்களே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, காணொளியை இயக்க ஒன்று, தரவை மறையாக்கம் செய்ய ஒன்று என்று ஏற்கெனவே எழுதிச் சோதித்து வைத்த நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். நிரலாளர்கள் லைப்ரரி என்று சொல்லும் இந்த நிரலகங்களில் பெரும்பாலானவை திறமூல உரிமத்தின்கீழ் வெளியானவை. யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தம் பொருளோடு சேர்த்து விற்கலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு வேண்டாம் என்பதைக் கடமையும் இல்லை என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

திறமூல நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. எங்கும் பதிவு செய்யாமலே, எழுதிய கணத்திலேயே அது எழுதியவருக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே நிரலைப் படியெடுக்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் ஆசிரியரின் அனுமதி வேண்டும். உரிமம் என்பது அந்த அனுமதிதான். அது நிபந்தனையோடு வருகிறது. நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லாமல் போகிறது, செய்த காரியம் பதிப்புரிமை மீறலாகிறது. இதே காரணத்தால், எந்த உரிமமும் குறிப்பிடாமல் இணையத்தில் போட்டிருக்கும் நிரல்தான் உள்ளதிலேயே ஆபத்தானது. பொதுச்சொத்து போலத் தோன்றினாலும், அதை எடுத்துத் தன் பொருளில் சேர்க்க யாருக்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை.

இலவசமாகக் கொடுத்த நிரலின் நிபந்தனைகளை நீதிமன்றம் பொருட்படுத்துமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. அமெரிக்காவில் அதற்கு விடை தந்தது மாதிரி ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருள் பற்றிய வழக்கு. அந்தத் திட்டத்தின் கோப்புகளை ஒரு வணிக நிறுவனம் ஆசிரியர் பெயர்களை நீக்கிவிட்டுத் தன் மென்பொருளில் பயன்படுத்தியிருந்தது. இது ஒப்பந்த மீறலாக இருக்கலாமே தவிரப் பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற கருத்தைக் கீழ் நீதிமன்றம் எடுத்தது. ஜேக்கப்சன் எதிர் கேட்சர் என்று அறியப்படும் அந்த வழக்கில் 2008 ஆகஸ்ட்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் கைமாறாவிட்டாலும் பெயர், மாற்றங்களின் பதிவு, பயனர் வட்டம் ஆகியவற்றில் ஆசிரியருக்கு உண்மையான பொருளாதார நலன் இருக்கிறது. உரிமத்தில் எழுதியவை வெறும் வேண்டுகோள்கள் அல்ல, நிபந்தனைகள் என்று அது தீர்ப்பளித்தது.

பெரும்பாலான உரிமங்களில் கடமை பிறப்பது நிரலின் படி வேறொருவர் கைக்குப் போகும்போது. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தும் கருவியில் எந்த நிரலகத்தைச் சேர்த்தாலும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அதே நிரலகம் கைபேசியில் பதிவிறக்கும் செயலிக்குள் இருந்தால், விற்பனைக்கு வரும் தொலைக்காட்சிக்குள் இருந்தால், அது வினியோகம். வலைப்பக்கம் திறக்கும்போது உலாவிக்கு வந்து சேரும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு படி போகிறது. சர்வரிலேயே ஓடி விடையை மட்டும் அனுப்பும் நிரல் இந்தக் கணக்கில் வராது. அந்த இடைவெளியை அடைக்கவே 2007 நவம்பரில் ஏஜிபிஎல் என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்த உரிமத்தில் உள்ள நிரலை மாற்றியமைத்துச் சேவையாக நடத்தினால், வலையமைப்பு வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைத் தர வேண்டும்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை தளர்வான உரிமங்கள். மூலநிரலைக் கொடுக்கச் சொல்வதில்லை, மூடிய மென்பொருளுக்குள்ளும் சேர்க்க விடுகின்றன. எம்ஐடி உரிமம் சில பத்திகள்தான். அது கேட்பது ஒன்றே ஒன்று. பதிப்புரிமை வரியும் உரிமத்தின் வாசகமும் எல்லாப் படிகளிலும் இருக்க வேண்டும். பிஎஸ்டியும் கிட்டத்தட்ட அதையே கேட்கிறது. 2004இல் வெளியான அப்பாச்சி 2.0 கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது: மாற்றிய கோப்புகளில் மாற்றப்பட்டது என்ற குறிப்பு, மூலத் திட்டத்தில் அறிவிப்புக் கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கம் ஆகியவையும் கூடவே போக வேண்டும்.

இவ்வளவு எளிய கடமை மிக அதிகமாகத் தவறவிடப்படுவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, கருவிகளும்தான். வலைச் செயலியை வெளியிடும்போது நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்குகிறார்கள். சுருக்கும் கருவி முதலில் நீக்குவது குறிப்புரைகளை. பதிப்புரிமை வரி இருப்பதோ அந்தக் குறிப்புரையில். இதற்காகவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. குறிப்புரையின் தொடக்கக் குறிகளுக்கு அடுத்து ஆச்சரியக்குறி இட்டிருந்தால் சுருக்கும் கருவிகள் அதைத் தொடாமல் விடும். வெப்பேக் போன்ற கருவி அத்தகைய குறிப்புரைகளைத் திரட்டி, உரிமம் என்று பெயரிட்ட தனி உரைக்கோப்பில் போடுகிறது. சர்வரில் ஏற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு இந்த உரைக்கோப்பை விட்டுவிட்டால் கடமை அங்கேயே தவறிப்போகிறது. பல நிரலகங்களில் மூலக்கோப்புகளுக்குள் குறிப்புரையே இருப்பதில்லை. உரிமம் தொகுப்பின் அடைவில் ஒரு தனிக் கோப்பாகக் கிடக்கும். கட்டும் கருவி அதைப் பார்ப்பதே இல்லை. தனியாக ஒரு செருகுநிரலைக் கொண்டு அவற்றைச் சேகரித்தால்தான் உண்டு. கைபேசி அமைப்புகளின் அடியில் ‘திறமூல உரிமங்கள்’ என்று முடிவில்லாமல் நீளும் பக்கம் இந்தச் சேகரிப்பின் விளைவுதான். அதைப் படிப்பவர் குறைவு. ஆனால் கூலி வாங்காமல் எழுதிய பலருக்குக் கிடைக்கும் ஒரே பிரதிபலன் அந்தப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருப்பதுதான். அதையும் வெட்டிவிடுவது சிறிய தவறு அல்ல.

எழுத்துருவுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தமிழ்ச் செயலிகளில் சேர்க்கப்படும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கிறது. செயலியோடு கட்டி விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பதிப்புரிமை வாசகமும் உரிமமும் கூடவே போக வேண்டும்.

ஜிபிஎல் குடும்பம் வேறு வகை. பயனருக்குக் கிடைத்த சுதந்திரம் அவரிடமிருந்து அடுத்தவருக்கும் குறையாமல் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஜிபிஎல் நிரலைச் சேர்த்து உருவாக்கிய முழுப் படைப்பையும் வினியோகித்தால் அது முழுவதும் ஜிபிஎல்லின்கீழ் போக வேண்டும், மூலநிரலோடு. 1991இல் வந்த இரண்டாம் பதிப்பு மூலநிரல் என்பதற்குத் தெளிவான பொருள் சொல்கிறது: எல்லாக் கூறுகளின் மூலமும், அவற்றைத் தொகுத்து நிறுவுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்களும். வெறும் நிரல் வரிகளைக் கொடுத்து, அதை எப்படி ஓடும் மென்பொருளாக்குவது என்பதை மறைத்தால் போதாது. மூலநிரலைப் பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையேல் கேட்பவர் யாராயினும் தருவதாக மூன்றாண்டுக்குக் குறையாமல் செல்லும் எழுத்துபூர்வ உறுதியைக் கொடுக்கலாம். மூலத் திட்டத்தின் இணைய முகவரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வணிக விற்பனையாளருக்கு இடமில்லை.

நிரலகமே ஜிபிஎல்லில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ரீட்லைன். கட்டளை வரியில் தட்டச்சு செய்யும்போது முந்தைய கட்டளைகளை மீட்டுத் திருத்த உதவும் சிறிய நிரலகம் அது. சிலிஸ்ப் என்ற நிரல்மொழித் திட்டம் இதைப் பயன்படுத்தியதால் ஜிபிஎல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனோடு விவாதம் எழுந்தது. இறுதியில் சிலிஸ்ப் முழுவதுமே 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறியது.

எல்லா நிரலகத்துக்கும் இவ்வளவு இறுக்கம் பொருந்தாது என்பதை ஜிபிஎல்லை எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள். 1991இல் நிரலகங்களுக்கென்றே எல்ஜிபிஎல் வந்தது, அதன் 2.1 பதிப்பு 1999இல். இதன்படி நிரலகத்தைப் பயன்படுத்தும் செயலி மூடியதாகவே இருக்கலாம். நிரலகத்தின் மூலநிரலை மட்டும் மாற்றங்களோடு தர வேண்டும். இத்தோடு முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமான கடமை இதற்குப் பிறகுதான் இருக்கிறது: பயனர் அந்த நிரலகத்தைத் திருத்தி, திருத்திய நிரலகத்தோடு செயலியை மீண்டும் இயக்க முடிய வேண்டும். நிரலகம் தனிக் கோப்பாக இருந்து, ஓடும் நேரத்தில் இணைக்கப்பட்டால் கோப்பை மாற்றி வைத்தாலே வேலை முடிந்தது. செயலியின் ஒரே கோப்புக்குள் நிலையாகக் கலந்துவிட்டால் பயனரால் பிரிக்க முடியாது. அப்போது செயலியின் இணைக்கப்படாத இயந்திர நிரல் துண்டுகளையாவது கொடுத்து, அவர் மறுபடி இணைத்துக்கொள்ள வழிவிட வேண்டும். அத்திருத்தங்களில் பிழை தேடச் செயலியைப் பிரித்து ஆராயவும் அனுமதிக்க வேண்டும். ‘எக்காரணம் கொண்டும் பிரித்து ஆராயக் கூடாது’ என்று வழக்கமான பயனர் ஒப்பந்தத்தை ஒட்டிவிடும் நிறுவனம், உள்ளே ஓர் எல்ஜிபிஎல் நிரலகம் இருந்தால் அந்த ஒரு வரியாலேயே உரிமத்தோடு முரண்படுகிறது.

உரிமம் நிரலகத்தின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல, அது தொகுக்கப்பட்ட விதத்தையும் பொறுத்தது. காணொளி கையாளும் எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் 2.1. தொகுக்கும்போது ஜிபிஎல் பகுதிகளை அனுமதிக்கும் தெரிவைக் கொடுத்து எக்ஸ்264 போன்றவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் கோப்பு முழுதும் ஜிபிஎல். கட்டற்றவையல்லாத பகுதிகளுக்கான தெரிவையும் கொடுத்தால் அந்தக் கோப்பை யாருக்கும் வினியோகிக்கவே கூடாது. யாரோ தொகுத்து இணையத்தில் வைத்த கோப்பை எடுத்துச் செயலிக்குள் போடும்போது, அதன் தொகுப்புத் தெரிவுகளைப் பார்க்காமல் உரிமம் இன்னது என்று சொல்ல முடியாது.

நிரலகத்துக்குள் நிரலகம், அதற்குள் ஒரு தரவுக் கோப்பு என்று அடுக்கு ஆழமாகும்போது சிக்கல் எப்படி வெளிப்படும் என்பதை 2021 மார்ச் மாதம் காட்டியது. வலைச் செயலிகள் எழுதப் பயன்படும் ரூபி ஆன் ரெயில்ஸ் எம்ஐடி உரிமத்தது. அதன் ஒரு பகுதி மார்செல் என்ற நிரலகத்தைச் சார்ந்திருந்தது. மார்செல், கோப்பு எந்த வகை என்று கண்டறியும் மைம்மேஜிக்கைச் சார்ந்திருந்தது. மைம்மேஜிக்கும் எம்ஐடி என்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது கோப்பு வகைகளைத் தெரிந்துகொண்டது வேறொரு திட்டத்திலிருந்து எடுத்துச் சேர்த்த ஓர் எக்ஸ்எம்எல் பட்டியலிலிருந்து; அந்தப் பட்டியல் ஜிபிஎல். பட்டியலைப் பராமரிப்பவர் சுட்டிக்காட்டியதும் மைம்மேஜிக்கின் ஆசிரியர் உரிமத்தை ஜிபிஎல்லாக மாற்றி, எம்ஐடி என்று வெளியான பழைய பதிப்புகளைப் பொதுக் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டார். ரெயில்ஸ் செயலிகளைப் புதிதாக நிறுவ முயன்ற இடங்களிலெல்லாம் நிறுவல் நின்றுபோயிற்று. சில நாள்களில் ரெயில்ஸ் குழு, அப்பாச்சி டீக்கா திட்டத்தின் தரவைப் பயன்படுத்தும் புதிய மார்செலோடு திருத்தப் பதிப்புகளை வெளியிட்டது. மைம்மேஜிக்கும் பின்னர் அந்தப் பட்டியலைத் தன்னோடு சுமக்காமல், பயனரின் கணினியிலேயே இருக்கும் படியைத் தேடிப் படிக்கும்படி மாறி எம்ஐடிக்குத் திரும்பியது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு கோப்பு தன் உரிமச் சீட்டு இல்லாமல் மூன்று அடுக்குகள் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான். எம்ஐடி என்று முகப்பில் எழுதியிருப்பதை நம்பிய எவருக்கும் இது நேரலாம்.

நீதிமன்றம் வரை போன வழக்குகளில் நிரலகத்தையே மையமாகக் கொண்டது பிரான்ஸில் நடந்தது. ஆன்ட்ரூவெர் என்ற சிறு கூட்டுறவு நிறுவனம், பயனர் அடையாளத்தைப் பல தளங்களுக்கிடையே சரிபார்க்க உதவும் லாசோ என்ற நிரலகத்தை எழுதியது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதன் நிபந்தனைகள் ஒத்துவராதவர் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். தொலைத்தொடர்புப் பெருநிறுவனமான ஆரஞ்ச், பிரெஞ்சு அரசின் பொதுச்சேவை இணையவாசலுக்கான ஒப்பந்தத்தைப் பெற்று, தான் வழங்கிய அடையாள மேலாண்மை மென்பொருளில் லாசோவைச் சேர்த்திருந்தது. வணிக உரிமம் வாங்கவில்லை, ஜிபிஎல்லின்படியும் நடக்கவில்லை என்று 2011இல் ஆன்ட்ரூவெர் வழக்குத் தொடுத்தது. இது ஒப்பந்தத் தகராறு, பதிப்புரிமை வழக்காக வர முடியாது என்று 2019இலும் 2021இலும் பாரிஸ் நீதிமன்றங்கள் தள்ளின. 2022 அக்டோபரில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2024 பிப்ரவரி 14 அன்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிப்புரிமை மீறலை உறுதிசெய்து, பொருளாதார இழப்புக்கு 5 லட்சம் யூரோ, ஆரஞ்ச் ஈட்டிய லாபத்துக்காக 1.5 லட்சம், ஆசிரியரின் தார்மிக இழப்புக்கு 1.5 லட்சம் என்று கொடுக்க ஆணையிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்க எல்லாச் சிறு குழுக்களாலும் முடியாது. அதனாலேயே பெரும்பாலான மீறல்கள் வழக்காவதில்லை.

வன்பொருள் கருவிகளை விற்போர் விஷயத்தில் கடமை வினியோகச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வந்து நிற்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியில் சந்தைக்கு வந்தது. 2003இல் சிஸ்கோ லிங்க்சிஸையே சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு கோடையில், ரவுட்டருக்குள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள லினக்ஸ் கருவும் பிஸிபாக்ஸ் என்ற நிரல் தொகுப்பும் இருப்பதை நிரலாளர்கள் கண்டறிந்து மூலநிரலைக் கேட்டார்கள். சில்லு பிராட்காமுடையது, உள்ளே ஓடிய மென்பொருள் பல கை மாறி வந்தது. தனக்குக் கீழே யார் எதைச் சேர்த்தார்கள் என்பது பெட்டியில் பெயரைப் பொறித்த நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் வினியோகித்தது அதுதான். மூலநிரல் அந்த ஆண்டே வெளிவந்தது. அதிலிருந்து 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட பழைய ரவுட்டர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்க இன்றுவரை அது வழி செய்கிறது. மூலநிரல் கேட்கும் உரிமை கொள்கைப் பிடிவாதம் அல்ல, வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. லிங்க்சிஸ் பொருள்கள் தொடர்பாகவே 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசமாயிற்று.

எல்ஜிபிஎல் நிரலகங்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. ஜெர்மனியின் ரவுட்டர் நிறுவனமான ஏவிஎம்மிடம், அதன் கருவிக்குள் இருந்த யூகிளிப்சி போன்ற நிரலகங்களைத் திருத்தித் திரும்ப நிறுவத் தேவையான ஸ்கிரிப்ட்களைக் கேட்டு வாடிக்கையாளர் ஒருவர் 2023இல் பெர்லினில் வழக்குப் போட்டார். வழக்கு வந்த பிறகு நிறுவனம் அவற்றைக் கொடுத்தது.

உரிமங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று குறித்த நிரலையும் அப்பாச்சி 2.0 நிரலையும் ஒரே படைப்பாக்கி வினியோகிக்க முடியாது என்பது ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து. மூன்றாம் பதிப்போடு கலக்கலாம். மறையாக்க நிரலகமான ஓபன்எஸ்எஸ்எல் தன் பழைய உரிமத்தால் ஜிபிஎல் திட்டங்களுக்குப் பல்லாண்டு தலைவலியாக இருந்து, 2021இல் வந்த 3.0 பதிப்போடு அப்பாச்சிக்கு மாறியது.

எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இவற்றில் எதையும் நிறைவேற்ற முடியும். அதற்காகவே மென்பொருள் உட்கூறுப் பட்டியல் இடும் வழக்கம் பரவுகிறது. ஒவ்வொரு நிரலகத்தின் பெயர், பதிப்பு, உரிமம் ஆகியவற்றை இயந்திரம் படிக்கும்படி எழுதும் எஸ்பிடிஎக்ஸ் முறை 2021இல் ஐஎஸ்ஓ தரமாயிற்று. இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024இல் இப்பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் முதல் நோக்கம் பாதுகாப்பு என்றாலும் உரிமத்துக்கும் அதே பட்டியல் உதவும். தொகுப்பு மேலாளரின் பூட்டுக் கோப்பிலிருந்து தானாக உருவாக்கிய பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. யாரோ என்றோ நகலெடுத்து மூலநிரலுக்குள் ஒட்டிய கோப்புகள் அதில் வராது. மைம்மேஜிக்கின் எக்ஸ்எம்எல் பட்டியல் அந்த வகைதான். கோப்பு கோப்பாக உரிம வாசகத்தைத் தேடும் ஸ்கேன்கோடு போன்ற கருவிகள் அதற்கு வேண்டும். வெளியார் எழுதிக்கொடுக்கும் மென்பொருளுக்குப் பட்டியலும் மூலநிரலும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தவறு நடந்துவிட்டால் சரிசெய்யும் வழி உரிமத்துக்கு உரிமம் வேறு. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மீறிய கணமே உரிமை தானாக முடிகிறது. அவரிடம் வாங்கியவர்கள் நிபந்தனைப்படி நடக்கும்வரை அவர்கள் உரிமை பாதிக்கப்படுவதில்லை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இளகியது. மீறலை நிறுத்திய 60 நாள்களுக்குள் உரிமையாளர் அறிவிக்காவிட்டால் உரிமை நிலையாகத் திரும்பும். முதல்முறை தவறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் திருத்தினாலும் திரும்பும். 2017இல் லினக்ஸ் கரு உருவாக்குநர்கள் பலரும், ரெட் ஹேட், கூகுள், ஐபிஎம், ஃபேஸ்புக் நிறுவனங்களும் தங்கள் இரண்டாம் பதிப்பு நிரலுக்கும் இந்த அவகாசத்தைத் தருவதாக அறிவித்தனர். அப்படி அறிவிக்காத ஆசிரியர்களின் நிரலுக்குப் பழைய விதியே நிற்கிறது. அங்கே மூலநிரலை வெளியிடுவதோடு நிற்காமல், அந்த ஆசிரியரிடமே பேசி உரிமையை எழுத்தில் மீட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பான வழி.